கார்ட்டூனுக்குள் ஒரு ஓபரெட்டா: ‘டிக் டெட்ஐ’ படத்தைப் புரிந்துகொள்ள ஒரு எளிய அறிமுகம்

1975இல் பிரிட்டனில் ஒரு முழுநீள அனிமேஷன் படம் வந்தது. பெயர் ‘டிக் டெட்ஐ, ஆர் டியூட்டி டன்’. இயக்கியவர் பில் மெலெண்டெஸ். சார்லி பிரவுன் என்ற சிறுவனின் கார்ட்டூன் தொலைக்காட்சிப் படங்களை இயக்கியவர் இவர்தான். ஸ்னூப்பி நாய்க்குக் குரல் கொடுத்தவரும் இவரே. பாத்திரங்களின் உருவங்களை வரைந்து கொடுத்தவர் ரொனால்ட் சியர்ல், இங்கிலாந்து தந்த மிகச் சிறந்த கேலிச்சித்திரக்காரர்களில் ஒருவர். நாயகனுக்குக் குரல் விக்டர் ஸ்பினெட்டி, பீட்டில்ஸ் படங்களில் நடித்தவர். மெட்டுகளோ ஆர்தர் சல்லிவனுடையவை, நூறு வருடமாக ஆங்கிலம் பேசும் நாடுகள் முணுமுணுத்த மெட்டுகள்.

இவ்வளவு பெரிய ஆட்கள் சேர்ந்தும், அனிமேஷன் பிரியர்கள்கூட இந்தப் படத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. படத்தில் குறைகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். ஆனால் இந்தப் படம் எதிலிருந்து பிறந்தது என்று தெரியாமல் பார்த்தால் குறை மட்டும்தான் கண்ணில் படும், நிறை தெரியாது. அதனால் ஓபரெட்டாவிலிருந்தே தொடங்குவோம்.

ஓபரெட்டா என்றால்

ஓபராவில் பெரும்பாலும் எல்லாமே பாட்டு. சண்டை, காதல், சாவு எல்லாவற்றையும் பாடித்தான் சொல்வார்கள். ஓபரெட்டா அதைவிட இலகுவானது. பாத்திரங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். காதலோ கேலியோ சூடு பிடித்ததும் பாட்டு வரும். அப்புறம் மறுபடி பேச்சு. கதை பெரும்பாலும் சிரிப்பில் முடியும். பாரிஸில் ஷாக் ஓஃபன்பாக் 1850களில் இந்த வடிவத்தைப் பிரபலமாக்கினார். கிரேக்கக் கடவுள்களை மேடையில் கேலி செய்து ஊரையே சிரிக்க வைத்தவர் அவர்.

லண்டனில் ஓஃபன்பாக்கின் ஓபரெட்டா ஒன்றை 1875இல் போட்டபோது, அதோடு சேர்த்துக் காட்ட ஒரு சின்ன நாடகம் தேவைப்பட்டது. மேலாளராக இருந்த ரிச்சர்ட் டோய்லி கார்ட், நாடகாசிரியர் டபிள்யூ. எஸ். கில்பர்ட்டை எழுதச் சொல்லி, சல்லிவனை இசையமைக்கச் சொன்னார். அப்படிப் பிறந்தது ‘ட்ரையல் பை ஜூரி’. கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்து ஏமாற்றியவன் மீது ஒரு பெண் வழக்குப் போடுகிறாள். வழக்கை விசாரிக்கும் நீதிபதி, தானே ஒரு பணக்கார வக்கீலின் மகளை மணப்பதாகச் சொல்லி முன்னுக்கு வந்தவர், பிறகு அவளைக் கைவிட்டவர். இதை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பெருமையாகப் பாடுகிறார்! கடைசியில் வழக்குப் போட்ட பெண்ணை அவரே கட்டிக்கொள்கிறார்.

1871 முதல் 1896 வரை கில்பர்ட்டும் சல்லிவனும் சேர்ந்து 14 ஓபரெட்டாக்கள் உருவாக்கினார்கள். இவற்றுக்காகவே டோய்லி கார்ட் 1881இல் லண்டனில் சவாய் தியேட்டரைக் கட்டினார். முழுக்க மின்விளக்கால் ஒளியூட்டப்பட்ட உலகின் முதல் பொதுக் கட்டடம் என்று அதைச் சொல்வார்கள். அந்த அரங்கின் பெயரால் இவற்றுக்கு ‘சவாய் ஓபரா’ என்றும் பெயர் வந்தது.

தலைகீழ் உலகம்

கில்பர்ட்டின் நகைச்சுவைக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதலில் முட்டாள்தனமான ஒரு விதியை வைப்பார். அப்புறம் எல்லாரும் அந்த விதியை மிகுந்த நேர்மையோடும் தர்க்கத்தோடும் பின்பற்றுவார்கள். சிரிப்பு அந்த நேர்மையில் இருக்கிறது.

‘தி மிகாடோ’வில் ஒரு ஊர். பெண்களைப் பார்த்துக் கண்ணடித்தால் தலையை வெட்டுவது அங்கே சட்டம். அந்தக் குற்றத்துக்காக மரணதண்டனை பெற்றவன் ஒரு தையல்காரன். ஊர்க்காரர்கள் அவனையே தலைமைக் கொலைத்தண்டனை அதிகாரியாக நியமித்துவிடுகிறார்கள். வெட்ட வேண்டிய வரிசையில் அவன்தான் முதல் ஆள். தன் தலையைத் தானே வெட்டிக்கொள்ளாமல் அடுத்தவன் தலையை அவன் வெட்ட முடியாது. ஆக, ஊரில் யாரும் சாக வேண்டியதில்லை, சட்டமும் அப்படியே இருக்கிறது.

‘தி பைரேட்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ்’ நாயகன் ஃபிரெடரிக், கடற்கொள்ளையர்களிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டவன். 21 வயதானதும் விடுதலை என்று நினைத்து வெளியே வருகிறான். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் ‘21ஆவது பிறந்தநாள் வரை’ என்று இருக்கிறது. அவன் பிறந்ததோ பிப்ரவரி 29. கணக்குப் போட்டால் 1940 வரை அவன் கொள்ளையனாக இருந்தாக வேண்டும். அழுதுகொண்டே திரும்பிப் போகிறான், ஏனென்றால் கடமை கடமைதான். இந்த நாடகத்தின் துணைத்தலைப்பே ‘கடமையின் அடிமை’. கில்பர்ட்டின் தலைப்புகள் பெரும்பாலும் இப்படி ‘அல்லது’ போட்டு இரண்டாகத்தான் வரும். நம் படத்தின் தலைப்பும் ஏன் ‘டிக் டெட்ஐ, அல்லது கடமை முடிந்தது’ என்று இருக்கிறது என்பது இப்போது புரிந்திருக்கும்.

யார் இந்த டிக் டெட்ஐ?

1878இல் வந்த ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ ஒரு போர்க்கப்பலில் நடக்கும் கதை. கப்பலில் எல்லாரும் நல்லவர்கள். கேப்டன் மாலுமிகளிடம் மரியாதையாகப் பேசுகிறார். கடற்படை அமைச்சர் வந்து, ‘மாலுமி எவனுக்கும் தாழ்ந்தவன் இல்லை’ என்று உபதேசம் செய்கிறார். இந்த அமைச்சர் வக்கீல் ஆபீஸில் கதவுக் கைப்பிடி துலக்கும் எடுபிடியாகத் தொடங்கி, கடல் பக்கமே போகாமல் கடற்படைக்குத் தலைவரானவர். அதற்கு முந்தைய வருடம்தான், புத்தகக் கடை அதிபரான டபிள்யூ. எச். ஸ்மித்தை அரசாங்கம் அதே பதவியில் உட்கார வைத்திருந்தது. ஊருக்கே கேலி புரிந்தது. அவருக்கு ‘பினஃபோர் ஸ்மித்’ என்று பட்டப்பெயரும் ஒட்டிக்கொண்டது.

இந்த நல்லவர்கள் நடுவே டிக் டெட்ஐ என்று ஒரு மாலுமி. ஒற்றைக் கண், வளைந்த முதுகு, கோணல் உடம்பு. ‘நான் அசிங்கமா இருக்கேன், அதனாலதானே என்னை எல்லாரும் வெறுக்கிறீங்க?’ என்று கேட்கிறான். எல்லாரும் ஒரே குரலில் ‘ஆமாம்’ என்கிறார்கள்.

ஒரு கட்டத்தில் அவன் சொல்கிறான்: கேப்டன் மகள்கள் சாதாரண மாலுமிகளைக் கல்யாணம் செய்துகொள்ள மாட்டார்கள். மற்றவர்கள் ‘வெட்கம், வெட்கம்’ என்று பின்வாங்குகிறார்கள். உடனே அழகான நாயகன் ரால்ஃப் வாய் திறக்கிறான்: கேப்டனின் மகள் ஒரு மாலுமியைக் காதலிக்க முடியாமல் இருப்பது எவ்வளவு விசித்திரம் என்கிறான். அதே உண்மைதான், கொஞ்சம் அலங்காரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு யாரும் ‘வெட்கம்’ என்று சொல்வதில்லை. ‘விசித்திரமான உலகம்தான்’ என்று டிக் ஆமோதித்ததும், திட்டு மறுபடி அவனுக்கே விழுகிறது. இன்னொரு இடத்தில், ஒருவன் இன்னொருவன் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டியிருக்கும்போது சமத்துவம் எங்கே என்று டிக் கேட்கிறான். அதற்கும் கூச்சல். தன் முகத்திலிருந்து வந்தால் எவ்வளவு உயர்ந்த கருத்தும் கெட்ட எண்ணமாகத்தான் தெரியும் என்று அவனே சொல்லிக்கொள்கிறான்.

உண்மையைச் சொல்கிறவன் வில்லன், அழகாகப் பொய் சொல்கிறவர்கள் நல்லவர்கள். எனக்குத் தெரிந்து கில்பர்ட் எழுதியதிலேயே கூர்மையான பாத்திரம் இவன்தான். மேடையில் அவனுக்குக் கிடைத்ததோ சின்ன வேடம். படம் எடுத்தவர்கள் அவனைத் தூக்கி நாயகனாக்கினார்கள். இந்த ஒரு முடிவுக்காகவே அவர்களுக்கு நான் நன்றி சொல்வேன்.

படத்தில் என்ன செய்தார்கள்

படம் எந்த ஒரு ஓபரெட்டாவையும் அப்படியே எடுக்கவில்லை. பலவற்றிலிருந்து ஆட்களைப் பிடுங்கி, லியோ ராஸ்ட், ராபின் மில்லர் எழுதிய ஒரு புதுக்கதைக்குள் போட்டிருக்கிறார்கள். ‘இறுதி ரகசியம்’ என்ற ஒன்று திருடு போகிறது. அதை மீட்டு வரும் வேலையை ராணி டிக்கிடம் ஒப்படைக்கிறார். திருடியவன் மந்திரவாதி, இவன் ‘தி சார்சரர்’ ஓபரெட்டாவிலிருந்து வருகிறான். கடற்கொள்ளையர் தலைவன் ‘பைரேட்ஸ்’ஸிலிருந்து. பட்டர்கப் என்ற வியாபாரிப் பெண் ‘பினஃபோர்’ ஆள். ரோஸ் மேபட் ‘ரட்டிகோர்’ நாயகி. ‘மிகாடோ’ நாயகனான நாங்கி-பூவை இரண்டாகப் பிய்த்து, நாங்கி, பூ என்று இரட்டையர்களாக்கிவிட்டார்கள். ரகசியம் என்னவென்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, படத்திலேயே பாருங்கள்.

பயணத்தில் யுடோப்பியா தீவும் வருகிறது. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1893இல் வந்த ‘யுடோப்பியா லிமிடெட்’ அபாரமான அரசியல் கேலி, ஆனால் பலருக்குத் தெரியாது. தென்கடல் தீவு ஒன்றின் ராஜா, இங்கிலாந்தைப் பார்த்து மயங்கி, தன் நாட்டையும் அப்படியே மாற்ற ஆசைப்படுகிறார். அவருடைய மகள் அங்கே படித்துவிட்டு, ஆங்கில நிபுணர்கள் ஆறு பேரைக் கூட்டி வருகிறாள். கம்பெனிச் சட்டத்தின்படி நாட்டையே, கடைசியில் ஒவ்வொரு ஆளையும், ‘லிமிடெட்’ கம்பெனியாக்கிவிடுகிறார்கள். சீர்திருத்தம் அளவுக்கு மீறி வெற்றி பெறுகிறது: நோய் இல்லை, டாக்டர்களுக்கு வேலை இல்லை, குற்றம் இல்லை, வக்கீல்களுக்கு வேலை இல்லை. மக்கள் கொதிக்கிறார்கள். எதை மறந்தோம் என்று இளவரசி யோசித்துக் கண்டுபிடிக்கிறாள்: கட்சி அரசியல்! ஒரு கட்சி செய்வதை அடுத்த கட்சி வந்து கலைத்துவிடும், அப்புறம் நோயும் வழக்கும் தாமாக வந்து சேரும். ஆங்கிலப் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்தில், லண்டன் நடுவில் நின்றுகொண்டு இதை எழுதியிருக்கிறார் மனுஷன்.

இப்படி மாற்ற யார் அனுமதித்தார்கள்?

இந்தப் படம் 1950இல் சாத்தியமே இல்லை. பிரிட்டனில் அப்போது படைப்பாளி இறந்து 50 வருடம் வரை பதிப்புரிமை இருந்தது. சல்லிவன் 1900இல் இறந்தார், கில்பர்ட் 1911இல். இசை 1950 கடைசியிலும் வரிகள் 1961 கடைசியிலும் பொதுச் சொத்தாயின. அதுவரை டோய்லி கார்ட் குழுதான் பிரிட்டனில் தொழில்முறையாக இவற்றை மேடையேற்றியது. எந்த வரியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுகூடப் பரம்பரையாக வந்தது. உரிமை முடிந்ததும் 1962 தொடக்கத்திலேயே சாட்லர்ஸ் வெல்ஸ் என்ற ஓபரா குழு ‘அயோலாந்தி’ ஓபரெட்டாவைத் தங்கள் பாணியில் போட்டது. 1960களில் ஹாலஸ்-பாட்செலர் ஸ்டுடியோ ‘ரட்டிகோர்’ஐ அனிமேஷனாக எடுத்தது, அதில் பாடியது டோய்லி கார்ட் குழுவேதான், வரிகளும் கில்பர்ட்டுடையவை. ஒரு மணி நேரத்துக்குள் அடங்கச் சுருக்கியிருந்தார்கள், அவ்வளவே.

‘டிக் டெட்ஐ’ அதைத் தாண்டிப் போனது. மெட்டை வைத்துக்கொண்டு வரிகளை மாற்றியது. ஜிம்மி ஹோரோவிட்ஸ் அந்த மெட்டுகளை எழுபதுகளின் பாப் இசை பாணிக்குக் கொண்டுவந்தார். படத்தின் பெரிய சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

மெட்டுக்குப் பாட்டா, பாட்டுக்கு மெட்டா

நம் சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரம் கொடுப்பார், கவிஞர் அதில் சொற்களை உட்கார வைப்பார். சில நேரம் எழுதிய பாட்டுக்கு மெட்டுப் போடுவார்கள். கில்பர்ட்-சல்லிவன் கூட்டணியில் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். கில்பர்ட் வரிகளை எழுதிக் கொடுப்பார். சல்லிவன் உடனே ராகத்துக்குப் போகமாட்டார். முதலில் அந்த வரியை எத்தனை விதத் தாளத்தில் சொல்லலாம் என்று குறித்துப் பார்ப்பார். அது பிடிபட்ட பிறகுதான் ஸ்வரங்கள். அதனால் அவருடைய மெட்டின் ஏற்ற இறக்கம் கில்பர்ட்டின் வாக்கியத்தின் ஏற்ற இறக்கம்தான்.

இது நன்றாகத் தெரிவது வேகப்பாட்டுகளில். ‘பைரேட்ஸ்’ஸில் மேஜர் ஜெனரல் மூச்சுவிடாமல் பாடும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அசைக்கும் ஒரு ஸ்வரம். மெட்டு பெரிதாக அசைவதே இல்லை, ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கிறது. கணிதம், சரித்திரம், ஓபரா எல்லாம் தெரியும் என்று அடுக்குகிறார். தெரியாதது ஒன்றே ஒன்று, நவீனப் போர்முறை. சிரிப்பு முழுக்கச் சொல்லில் இருக்கிறது, மெட்டு வெறும் வண்டி. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறு சொல்லைப் போட்டால், புதுச் சொல் கில்பர்ட் அளவுக்குக் கூர்மையாக இல்லாதபோது, வண்டி காலியாக ஓடுவது கேட்டுவிடும்.

படத்தின் பாட்டுகளில் சில இடங்களில் அந்தக் காலி ஓட்டம் கேட்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நிதானமான மெட்டுகள் என் காதுக்குத் தப்பித்துவிடுகின்றன. அங்கே சல்லிவன் தன் சொந்தக் காலில் நிற்கிறார், வரி மாறினாலும் ராகம் தாங்குகிறது. பாப் வாத்தியங்களைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. 1938இல் சிகாகோவில் கறுப்பினக் கலைஞர்கள் ‘மிகாடோ’வை ஸ்விங் இசையில் போட்டு வெற்றி பெற்றிருக்கிறார்கள். 1980இல் நியூயார்க்கில் ஜோசப் பாப் தயாரித்த ‘பைரேட்ஸ்’ நவீன வாத்தியங்களோடு பெரிய வெற்றி பெற்றது. ஆனால் அதில் கில்பர்ட்டின் வரிகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. வாத்தியத்தை மாற்றினால் சல்லிவன் பொறுத்துக்கொள்வார்; வரியை மாற்றினால் கில்பர்ட் வீட்டை விட்டே போய்விடுகிறார்.

போன கில்பர்ட் எப்படித் திரும்பி வந்தார்

ஓவியக் கோட்டின் வழியாகத் திரும்பி வந்தார். நாடகத்துக்கு வருவதற்கு முன்பிருந்தே கில்பர்ட் பத்திரிகையில் வேடிக்கைப் பாடல்கள் எழுதி, ‘பாப்’ என்ற புனைபெயரில் தானே படமும் போட்டுவந்தார். பெரிய தலை, குச்சிக் கால், கோணல் சிரிப்பு, கொஞ்சம் கொடூரம். ‘பினஃபோர்’ கதைக்கான விதை அந்தப் பாடல்களில்தான் இருக்கிறது. பட்டர்கப் அங்கிருந்தே வந்தவள். ஆக, இந்த உலகம் முதலில் கேலிச்சித்திரமாகத்தான் இருந்தது. மேடைக்கு வந்ததும் அழகான நடிகர்கள், பட்டு உடைகள், இனிமையான குரல்கள் எல்லாம் சேர்ந்து அதை மென்மையாக்கிவிட்டன.

சியர்ல் அந்த மென்மையைத் துடைத்து எறிந்தார். அவருடைய கோடு சிலந்தி நடந்த தடம் மாதிரி இருக்கும்: நடுங்கும், திடீரென்று தடிக்கும், மையைச் சிந்தும். மூக்குகள் கத்தி போல நீளும். பதவியில் இருக்கிறவன் உடம்பில் பதக்கங்கள்தான் அதிகம் தெரியும், ஆள் கொஞ்சம்தான். டிக்கின் முகத்தை அவர் வரைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அசிங்கமாகத்தான் இருக்கிறான், ஆனால் படத்தில் எல்லாருமே அப்படித்தான் இருக்கிறார்கள். ‘நீ மட்டும்தான் அசிங்கம்’ என்று கப்பல் முழுக்கச் சேர்ந்து சொன்ன பொய்யை அந்தக் கோடு உடைத்துவிடுகிறது. வரியில் விட்டதைக் கோட்டில் பிடித்தது என்று நான் நினைப்பது இதைத்தான்.

அந்தக் கொடூரம் கலந்த சிரிப்பு சியர்லுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு விடை அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது. 1942இல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட படைவீரர்களில் அவரும் ஒருவர். சாங்கி முகாமிலும், பிறகு சயாம்-பர்மா ரயில்பாதை வேலையிலும் இருந்தார். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்த அதே மரண ரயில்பாதைதான். அங்கே அவர் ரகசியமாக வரைந்தார்; காவலர்கள் தொட அஞ்சிய காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஓவியங்களை ஒளித்து வைத்தார். தப்பிய சுமார் 300 ஓவியங்கள் இப்போது லண்டனில் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதிகாரம் பதக்கம் போட்டுக்கொண்டு நிற்பதை அவர் எப்படி வரைவார் என்பதில் அந்த வருடங்களுக்குப் பங்கு இருக்கத்தான் செய்யும்.

இந்தக் கோட்டை அசைய வைப்பது சாதாரண வேலை இல்லை. பில் மெலெண்டெஸுக்குப் பழக்கமான சார்லி பிரவுன் உருவங்கள் எளிய வட்டங்கள், யார் வரைந்தாலும் ஒன்றுபோல வரும். சியர்ல் கோட்டில் ஒவ்வொரு கீறலும் வேறு. ஒரு நொடிக்கு 12 படம் என்று வைத்தாலும், ஏறத்தாழ 80 நிமிடப் படத்துக்கு 57,600 படங்கள் ஆகின்றன. அத்தனையிலும் அந்த நடுக்கத்தைக் காப்பாற்ற முடியாது. அசைவு கூடும் காட்சிகளில் கோடு கொஞ்சம் வழுவழுப்பாகிவிடுவதைக் கவனிக்கலாம். உருவங்கள் சற்று நிற்கும் இடங்களிலும் பின்னணிகளிலும் சியர்ல் முழுசாகத் தெரிகிறார்.

பார்ப்பதற்கு முன்

நேராகப் படத்துக்குப் போகாமல், முதலில் ‘பினஃபோர்’ மேடைப் பதிவு ஒன்றைப் பாருங்கள். டிக்கின் பழைய வேடம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தால்தான் அவன் நாயகனாவதன் சுகம் தெரியும். அடுத்து ‘பைரேட்ஸ்’, பிறகு ‘மிகாடோ’. ‘மிகாடோ’வில் ஜப்பான் வெறும் வேஷம், அடி விழுவது இங்கிலாந்துக்கு, என்றாலும் வெள்ளையர்கள் ஜப்பானியர் போல ஒப்பனை போட்டு நடித்த மரபு இன்று பலரைப் புண்படுத்துகிறது, அது நியாயமான கோபம். நாங்கி, பூ என்ற பெயர்களைப் படத்தில் கேட்கும்போதும் அது நினைவில் இருக்கட்டும். இந்த ஓபரெட்டா எப்படி உருவானது என்று தெரிய மைக் லீயின் ‘டாப்ஸி-டர்வி’ என்ற 1999ஆம் ஆண்டுப் படம் இருக்கிறது. சல்லிவனும் கில்பர்ட்டும் எப்படி வேலை செய்தார்கள் என்று அதைவிட நன்றாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை.

இவற்றுக்குப் பிறகு ‘டிக் டெட்ஐ’ பார்த்தால், ஒவ்வொரு ஆளும் எந்தக் கதையிலிருந்து ஓடி வந்தவர் என்று கண்டுபிடிப்பதே பாதி சந்தோஷம். நேரம் இருந்தால் ‘யுடோப்பியா லிமிடெட்’டையும் தேடுங்கள். மேடையில் அரிதாகத்தான் வரும். ‘ட்ரையல் பை ஜூரி’க்கு நூறு வயதான 1975இல், இந்தப் படம் வந்த அதே வருடம், டோய்லி கார்ட் குழு சவாய் தியேட்டரில் ‘யுடோப்பியா லிமிடெட்’டை மறுபடி மேடையேற்றியது.